இருபத்துநான்கு கிண்ணங்கள்

வடகாற்று அடிக்கிற நாட்களில்
பக்கி துறைமுகத்துப் படகுக் கம்பிகள்
ராத்திரி முழுக்கப் பல்லைக் கடிக்கும்.
அப்படியொரு ராத்திரியில்தான்
ஏழாவது முறை விழுந்தேன்.

நூற்று நாற்பத்தொரு நாட்கள்.
குளிர்ப்பெட்டிக் கதவில் பேனாவால்
கோடு கிழித்து வந்திருந்தேன்,
கைதி சுவரில் கிழிப்பதுபோல.
நூற்று நாற்பத்திரண்டாவது கோடு
கோணலாக இருக்கிறது.
போட்டது நான்தானா, நினைவில்லை.

காரணம் கேட்காதீர்கள்.
அன்று ஹாடாக் மீனுக்கு நல்ல விலை.
மகள் அயோனா தொலைபேசியில் சிரித்தாள்.
பால் வாங்கக் கடைக்குப் போனேன்.
பாலும் வாங்கினேன்.

*

தகரக் கூரை போட்ட எங்கள் ஜெபக்கூடத்தில்
இராப்போஜனத்துக்கு ஒற்றைப் பாத்திரம் கிடையாது.
விரல்நுனி அளவு கண்ணாடிக் கிண்ணங்கள்
தட்டில் அடுக்கி, கைமாறி கைமாறி வரும்.
முன்பெல்லாம் அதில் திராட்சரசம்தான்.
ஒரு ஞாயிறு
தட்டு என் மடிக்கு நேரே வந்தபோது
மூச்சை அடக்கிக்கொண்டு
அடுத்தவருக்குத் தள்ளிவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு வாசனை மாறியிருந்தது.
அட்டைப்பெட்டியில் விற்கும் பழச்சாறு.
அறிவிப்பு இல்லை, விளக்கம் இல்லை,
ஒரு தலைகூட என் பக்கம் திரும்பவில்லை.
ரசம் ரசமாகத்தான் இருக்க வேண்டுமென்று
ஐம்பது வருடம் வாதாடிய மூப்பர் டூதி
சாற்றைக் குடித்தார்,
மருந்து குடித்த பிள்ளைபோல் முகம் சுளித்தார்,
கண்ணை மூடி ஜெபித்தார்.
அந்தச் சுளிப்பை
என் பெயருக்கு எழுதிவைத்த சொத்தாக
இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

*

விழுந்த பிறகு ஐந்து ஞாயிறு போகவில்லை.
இதற்குள் ரசத்துக்குத் திரும்பியிருப்பார்கள்,
வராத ஒருவனுக்காக
இருபத்துமூன்று பேர் ஏன்
சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும்?
முகர்ந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றே
ஆறாம் ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்,
கோட்டைக் கழற்றாமல்.

தட்டு வந்தது.
சாறு.

கிண்ணம் நிரப்புகிற இசபெல் கார்டினர்
பாட்டெண் எழுதிய பலகையையே
பார்த்துக்கொண்டிருந்தாள்,
அதில் ஏதோ பிழை இருப்பதுபோல.

*

மருத்துவமனைத் தாதி நேர்மையானவள்.
"இனி விழமாட்டேனா?" என்று கேட்டதற்கு
காகிதங்களைப் புரட்டாமலே சொன்னாள்:
"பெரும்பாலும் விழுவீர்கள், வாட்டி."
அவளோடு எனக்குச் சண்டை இல்லை.
வானிலை அறிக்கையோடு யார் சண்டை போடுவது?
கேட்டுக்கொள்வோம்,
பிறகு வலையை ஏற்றுவோம்.

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு.
உண்மைதான். என் பேச்சுகள் எல்லாம்
அப்படித்தான் போயின.
ஆனால் ஒரு விடியற்காலையைப் பற்றி
எனக்குத் தெரியும்.
ராத்திரி முழுக்க ஒன்றும் அகப்படாத படகு.
கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன்.
சத்தியம் பண்ணி, சேவல் கூவுமுன் உடைத்தவன்
சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறான்.
மூன்று முறை கேட்டார் ஆண்டவர்.
"இனி செய்யமாட்டாயே?" என்று
ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அவர் கேட்ட கேள்விக்கு மட்டும்
என்னிடம் பதில் இருக்கிறது.
விடிந்தாலும் போகாத ஒரே பேச்சு அது.
உரக்கச் சொல்ல இன்னும் வெட்கமாயிருக்கிறது.

*

நேற்று இசபெல் கூடத்தின் சாவியை நீட்டினாள்.
தங்கை வீட்டுக்கு இன்வர்னஸ் போகிறாளாம்.
"சாறு அலமாரியில். கிண்ணம் இருபத்துநான்கு."
இருபத்துமூன்று பேர்தானே என்றேன்.
"உன்னை எண்ணாமல் எண்ணுகிறாய்" என்று சொல்லி
பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

இன்று சனிக்கிழமை ராத்திரி. மறுபடி வடகாற்று.
குளிர்ப்பெட்டிக் கதவில் ஒன்பது கோடுகள்.
நான் கூடத்தில் தனியாக நின்று ஊற்றுகிறேன்.
கை நடுங்குகிறது.
வெள்ளை விரிப்பில் இரண்டு இடத்தில் கறை.
சில கிண்ணம் வழிகிறது, சிலது பாதி.

பதினேழு.
பதினெட்டு.
கம்பிகள் வெளியே பல்லைக் கடிக்கின்றன.
பத்தொன்பது.